பேய்க்காட்டாதையும் தம்பி

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் மறுநாளே மெல்பர்ன் நோபல் பார்க்கிலிருந்து போன் வரும், "ஆரைக் கேட்டு என்ரை பெயரைப் போட்டனீர்?" என்று. நான் என்ன சமாதானம் சொன்னாலும் நம்ப மாட்டார். அதனால் வெறும் அக்கா. இப்போது தங்கையோடு அங்கே போய் இருக்கிறார். சிட்னியில், வெஸ்ட்மீடில் நாங்கள் குடியிருந்த செங்கல் பிளாட்டில், எதிர்வீட்டுக்காரராக இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், தனிக்கட்டை. வேலை, இரத்தம் எடுப்பது. பக்கத்திலிருந்த ஒரு பரிசோதனை நிலையத்தில் விடிந்ததும் போய் உட்கார்ந்தால் மத்தியானம் வரை வருகிறவர் போகிறவர் கையெல்லாம் குத்துவார். "நான் ஆக்களைக் குத்திப் பிழைக்கிறனான்" என்று அதைப் பெருமையாகவே சொல்லுவார்.

அக்கா யாரையும் நம்ப மாட்டார். வானிலை அறிக்கையை நம்ப மாட்டார், தயிர் டப்பாவில் போட்டிருக்கும் தேதியை நம்ப மாட்டார், 'சர்க்கரை இல்லை' என்று எழுதியிருக்கும் எதையும் நக்கிப் பார்க்காமல் விட மாட்டார். "இஞ்சை எல்லாரும் நோ வொறீஸ், நோ வொறீஸ் எண்டுறான். வொறி இல்லாத மனிசன் ஆர் இருக்கிறான்? பச்சைப் பொய்" என்பார். பிறத்தியாரிடம் எதிர்பார்த்த நியாயத்தைத் தனக்கும் வைத்திருந்தார், அதைச் சொல்லியாக வேண்டும். என் மனைவி ஒருமுறை முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்து, "நல்லாருக்காக்கா?" என்று ஆசையாகக் கேட்டாள். அக்கா ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "வடிவில்லை. வளரும்" என்றார். என் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ், எத்தனையோ பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். அந்த வாரம் முழுக்க அவள் தொப்பியோடுதான் வேலைக்குப் போனாள்.

நான் அவள் விசாவில் தொற்றிக்கொண்டு திருச்சியிலிருந்து வந்தவன். வேலை தேடிக்கொண்டிருந்தேன் என்று வெளியே சொல்வது. உண்மையில் சமைத்து, துவைத்து, மகள் இனியாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வந்துகொண்டிருந்தேன். குடிவந்த புதிதில் ஒரு சாயங்காலம், மாடிப்படி விளக்கு எரியவில்லை. கொடியில் காய்ந்த வெள்ளைப் பெட்ஷீட்டைத் தலையோடு போட்டுக்கொண்டு நான் ஏறி வர, எதிரே இறங்கி வந்தவர் சடாரென்று நின்றார்.

"லைட் போயிடுச்சுக்கா. ஏஜென்ட்டுக்கு போன் பண்ணிட்டேன், நாளைக்கு வந்துருவாங்க."

"என்னைப் பேய்க்காட்டாதையும் தம்பி!"

போன் பண்ணியிருக்கவில்லை என்பது வேறு விஷயம். நான் பதறிப்போய் பெட்ஷீட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சாரிக்கா, எடுத்துட்டேன், எடுத்துட்டேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து மனைவியிடம், எதிர்வீட்டு அக்காவுக்குப் பேய் என்றால் பயம் என்று சொன்னேன். "பாவம், தனியா இருக்காங்கல்ல" என்றாள் அவள்.

பிறகு அதுவே ஊர்ஜிதமானது. நம் பிளாட்டுச் சுவர்களின் லட்சணம் தெரியும்தானே, அடுத்த வீட்டில் தும்மினால் நாம் ஆசீர்வாதம் பண்ணலாம். ஒருநாள் அக்கா போனில் தங்கையோடு கத்திக்கொண்டிருந்தது தெளிவாகக் கேட்டது. "சனிக்கிழமை மீன்கடைக்காரன் என்னைப் பேய்க்காட்டிப்போட்டானடி!"

"மீன் கடையிலயா?" என்றாள் என் மனைவி, கண்ணை விரித்து.

நான் இரத்தப் பரிசோதனைக்குப் போனபோதும் இதே கதைதான். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். அக்காதான் உட்கார்ந்திருந்தார். "இரவுக்குப் பிறகு ஏதும் குடிச்சனீரோ?" என்றார். "தண்ணி மட்டும்தாங்க்கா" என்றேன். மூக்கை ஒருதரம் உறிஞ்சினார். "என்னைப் பேய்க்காட்டாதையும். கோப்பி மணக்குது. வீட்டை போயிட்டு நாளைக்கு வாரும்." சுவரில் ஓர் எலும்புக்கூட்டுப் படம் மாட்டியிருந்தது. அதைப் பார்த்து மிரண்டிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். வருஷக்கணக்காக அந்தப் படத்துக்குக் கீழேயே உட்கார்ந்திருப்பவர் அன்றைக்கு மட்டும் ஏன் மிரள வேண்டும் என்று யோசிக்க, குடித்த காப்பி எனக்குப் போதவில்லை.

இனியாவுக்கு ஒருமுறை இரத்தம் எடுக்க வேண்டி வந்தது. அதற்கு முன் வேறோர் இடத்தில், ஒரு பெண் "பட்டாம்பூச்சி முத்தம் குடுக்கிற மாதிரி இருக்கும்" என்று கொஞ்சிக்கொண்டே குத்தி, இவள் அலறி, ஊசி தெறித்து, பெரிய ரகளை ஆகியிருந்தது. அதனால் அக்காவிடம் உட்கார்ந்ததுமே கேட்டாள். "அன்ரி, வில் இட் ஹர்ட்?"

"ஓம். நோகும்" என்றார் அக்கா. எனக்குப் பகீரென்றது. "கத்தவேணும் எண்டால் கத்தலாம். கையை மட்டும் ஆட்டக்கூடாது. நான் மூண்டு எண்டேக்கைதான் குத்துவன். ஒண்டிலை குத்த மாட்டன், இரண்டிலை குத்த மாட்டன்."

சொன்னபடி மூன்றில் குத்தினார். இனியா சொன்னபடி கத்தினாள், கை அசையவில்லை. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரத்தம் பிடிக்கும் கண்ணாடிக் குழாய்களின் மூடி ஏன் இத்தனை கலரில் இருக்கிறது என்று கேட்டாள். ஊதா மூடி எதற்கு, நீல மூடி எதற்கு என்று பெரிய மனுஷியிடம் சொல்வதைப் போல அக்கா விளக்கினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் சொன்னாலும் அம்மா சொன்னாலும் அது கருத்து. "அன்ரி செட் ஸோ" என்றால் அது தீர்ப்பு.

இப்போது பிறந்த நாள் கதையையும் சொல்லிவிடுகிறேன், சொல்லப் பிடிக்கவில்லை என்றாலும். அந்த வருஷம் மார்ச்சில் இனியா வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டிருந்தாள். பலூன் ஊதி, கேக் வாங்கி, ஆளுக்கொரு பரிசுப் பை கட்டி வைத்துக் காத்திருந்தோம். ஒரே ஒரு பையன் வந்தான். அவனும் மேல்மாடியில் நடந்த வேறு பார்ட்டிக்கு வந்தவன், கதவு மாறித் தட்டிவிட்டான். அவனுக்கு ஒரு பையைக் கொடுத்து அனுப்பிவிட்டு, மிச்சப் பைகளை இனியா ஒவ்வொன்றாக அலமாரியில் திருப்பி அடுக்கினாள். அழவில்லை. 

ஆகவே அக்டோபரில் அவளே வாயைத் திறந்து ஹாலோவீன் பார்ட்டி வேண்டும் என்றபோது, முடியாது என்று சொல்ல நான் என்ன கல்லா? அழைப்பு அட்டை அவளே எழுதினாள். தெருப் பெயர் போட்டு, 'பேய் தொங்கும் கேட்டுக்கு வாருங்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதி, வீட்டு நம்பரை விட்டுவிட்டாள். கேட்டதற்கு, "கோஸ்ட்ஸ் டோன்ட் ஹேவ் யூனிட் நம்பர்ஸ், அப்பா" என்றாள். தொடர்புக்கு அம்மாவின் போன் நம்பர். எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் ஒரே அச்சில் வார்த்த செங்கல் பிளாட்டுகள். சொந்தக்காரர்களே மாற்றி மாற்றி மணியடிப்பார்கள். ஆனால் பேய் தொங்கினால் கண்டுபிடித்துவிடலாம், நியாயம்தானே? கடையில் வெள்ளைத் துணியில் ஆளுயரத்துக்கு ஒரு பேய் வாங்கி வந்து கேட்டில் மாட்டினேன்.

மாட்டியதும்தான் அக்கா ஞாபகம் வந்தது.

பயந்த மனுஷி, தனியாக இருக்கிறவர், இருதயம் கிருதயம் நின்றுவிட்டால்? அன்றிலிருந்து ஆரம்பித்தது என் இரண்டு வாரத் திருட்டுத்தனம். அவர் வேலைக்குப் போனதும் பேயை மாட்டுவேன், வருகிற நேரத்துக்குக் கழற்றி வாஷிங் மெஷினுக்குள் திணிப்பேன். ஜன்னலில் ஒட்டிய வௌவால்களை ராத்திரிக்கு ராத்திரி திரை போட்டு மறைப்பேன். படிக்கட்டில் அக்கா எதிர்ப்பட்டால் இனியாவின் வாயைப் பொத்தாத குறைதான். "கடைக்கே போறியள்?" என்றால், "ஆமாக்கா, வெங்காயம்" என்பேன், பிளாஸ்டிக் மண்டை ஓட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு. அவர் என் வயிற்றையே பார்ப்பார்.

பார்ட்டிக்கு முதல்நாள் மத்தியானம், கலர் கலராகப் பேய்க் குக்கி பண்ணுகிறேன் பேர்வழி என்று ஓவனில் தட்டை வைத்தேன். நான் தோசைக்குப் பிறந்தவன், இந்த வித்தை எனக்குப் புதிது. கொஞ்ச நேரத்தில் புகை அலாரம் ஊரைக் கூட்டியது. கதவு தட்டப்பட்டது. அக்கா.

"என்ன எரியுது?"

"ஒன்னுமில்லக்கா."

"ஒண்டுமில்லாமல் அலாரம் அடிக்குமே? நானும் ரெண்டு கிழமையாய்ப் பாக்கிறன், கள்ள முழி முழிச்சுக்கொண்டு திரியிறீர். என்னைப் பேய்க்காட்டாதையும், சொல்லிப்போட்டன்!"

எனக்கும் பொறுமை போய்விட்டது. கண்ணெல்லாம் புகை வேறு. "நான் எங்கக்கா காட்டினேன்? ஒரு பேயாவது உங்க கண்ணுல பட்டுச்சா? எல்லாத்தையும் வாஷிங் மெஷின்ல போட்டு மூடி வச்சிருக்கேன்! உங்களுக்குப் பயம்னுதானே இவ்வளவு பாடுபடறேன்!"

அலாரச் சத்தத்தில் அக்கா காதை என் பக்கம் திருப்பினார்.

"ஆருக்குப் பயம்?"

"உங்களுக்கு. பேய்னா. நீங்கதானே பாக்கும்போதெல்லாம் பேய் காட்டாத, பேய் காட்டாதன்னு..."

 அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "அட கோதாரி! பேய்க்காட்டுறதெண்டால் ஏமாத்திறதடாப்பா! பொய் சொல்லிறது! எங்கடை ஊரிலை அப்பிடித்தான் சொல்லிறது!"

மீன்கடை, காப்பி வாசனை, மாடிப்படி விளக்கு எல்லாம் வரிசையாக என் மண்டைக்குள் எரிந்தன. அசடு வழிய நின்றேன்.

"இப்ப பாரும்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என்னைப் பேய்க்காட்டாமல் இருக்கிறதுக்காண்டி, ரெண்டு கிழமையாய் என்னைப் பேய்க்காட்டி இருக்கிறீர்!"

பிறகு தட்டைப் பார்த்தார். "உதென்ன?"

"பேய்க்கா."

"உது பேயில்லை, ஊத்தப்பம். என்ன மா போட்டனீர்?"

பாக்கெட்டைக் காட்டினேன். தானே பொங்கும் மா. பேய்கள் எல்லாம் பொங்கி ஒன்றோடொன்று ஒட்டி, விளிம்பில் கருகியிருந்தன. "பேயன்!" என்றார். பேயன் என்றால் மடையனாம். அதையும் அவரே விளக்கினார்.

அன்று மாலை குக்கி வேலை அக்காவின் சமையலறைக்கு மாறியது. அவர் அதை விசுக்கோத்து என்றுதான் சொன்னார். சாதாரண மா, பட்டர், சீனி, பிசைந்து பிரிட்ஜில் வைத்துக் குளிர விட்டுத்தான் உருட்ட வேண்டுமாம். இனியா ஸ்டூலில் ஏறி நின்று, பேய் செய்யச் சொன்னாள். அக்கா மாட்டேன் என்றுவிட்டார்.

"நான் பேயைக் கண்டதில்லை பிள்ளை. காணாததை எப்பிடிச் செய்யிறது? கண்டதைத்தான் செய்வன்."

அவர் தினமும் கண்டது என்ன, கையும் இரத்தமும்தானே. கத்தியால் மாவை அறுத்துச் சின்னச் சின்னக் கைகளாகவும் குழாய்களாகவும் வெட்டினார். வட்டமாகக் கண்கள் வேண்டும் என்று இனியா கேட்டதும், அலமாரியிலிருந்து ஒரு சாம்பிள் போத்தல் மூடியை எடுத்தார், எந்தச் சாம்பிள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "புதுசு தம்பி. மூஞ்சியைச் சுளிக்காதையும்" என்று அதாலேயே கண் வெட்டினார். வெந்து ஆறியதும் ஐசிங் சீனியைக் குழைத்துக் கலர் போட்டார். குழாய் முழுக்க ஸ்ட்ராபெரி ஜாம், தலையில் கலர் மூடி: ஊதா, நீலம், பச்சை, மஞ்சள். சாம்பல் கலர் அசிங்கமாக இருக்கிறது, வேண்டாம் என்றேன். "அது சீனி வருத்தம் பாக்கிற மூடி. உவ்வளவு சீனியைத் திண்டுபோட்டு அதை விடலாமோ?" என்று, சர்க்கரை நோய்க்கான அந்தச் சாம்பலையும் குழைத்தார். கைகளில் நீல ஐசிங்கால் நரம்பு வரைந்தார். வரையும் முன் இனியாவின் கையைத் திருப்பி வைத்து, அவளுடைய நரம்பைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். முழங்கை மடிப்பில் ஒரு சிவப்புப் பொட்டு, அதன்மேல் பச்சையில் குட்டிப் பிளாஸ்டர். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி அருவருப்பான, அப்படி அழகான தின்பண்டத்தை நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை பளீரென்று வெயில். இங்கே ஹாலோவீன் வசந்த காலத்தில் வருகிறது, பேய்கள் சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். மனைவிக்கு டியூட்டி. இனியா பழைய பெட்ஷீட்டில் இரண்டு ஓட்டை போட்டுப் போர்த்திக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்தாள். அக்கா யூனிபாரத்தில் வந்தார். "வேஷம் போடலையா அன்ரி?" என்றதற்கு, "நான் இரத்தம் எடுக்கிற ஆள்தானே. இது காணும், வேறை வேஷம் எதுக்கு" என்றார்.

சொன்ன நேரம் வந்தது. போனது. யாரும் வரவில்லை. மனைவியின் போன் ஆஸ்பத்திரி லாக்கரில் கிடந்தது, அதில் யார் கூப்பிட்டாலும் எங்களுக்குத் தெரிய வழியில்லை. வெயிலில் ஐசிங் பளபளக்க ஆரம்பித்தது. "டிராபிக்டா கண்ணு, வந்துருவாங்க" என்றேன். எல்லாரும் நடந்து வருகிற தூரத்தில் இருப்பவர்கள்.  அலமாரியில் அடுக்கிய பைகள்தான் என் கண்முன் வந்தன. இன்னொரு தரம் அப்படி ஆனால் இந்தக் குழந்தை இனி யாரையும் எதற்கும் கூப்பிட மாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

இனியா பெட்ஷீட்டைத் தூக்கினாள். என்னைப் பார்க்கவில்லை. நேராக அக்காவைப் பார்த்தாள்.

"அன்ரி. ஆர் தே கமிங்?"

ஐயோ, இவரிடம் போய்க் கேட்கிறாளே! வடிவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னவர். நோகும் என்று சொல்லிக் குத்தியவர். அவர் இல்லை என்று சொன்னால் அதற்குமேல் மேல்முறையீடு கிடையாது. அக்கா தெருவைப் பார்த்தார், காலியாக இருந்தது. தட்டைப் பார்த்தார். பிறகு குழந்தையின் முகத்தை, இமை தட்டாமல்.

"ஓம் பிள்ளை. வருகினம்" என்றார். "கிட்ட வந்திட்டினம். நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்."

இனியா பெட்ஷீட்டை இறக்கிவிட்டு, நிம்மதியாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். அக்கா குழாய்த் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, யூனிபாரத்தோடு தெருவில் விடுவிடுவென்று நடந்து மூலையில் திரும்பிக் காணாமல் போனார். நான் பால்கனிக்கு ஓடிப் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றேன். போனவர் வெறுமனே திரும்பி வந்தால் என்ன செய்வது? என் மகளுக்கு இந்த ஊரில் இருந்த ஒரே ஒரு நம்பிக்கையும் அந்தத் தட்டோடு போய்விட்டது என்று அர்த்தம்.

முதலில் சத்தம்தான் கேட்டது. "கோஸ்ட் திஸ் சைட்! கம், கம், கெதியா!" மூலை திரும்பி அக்கா முன்னால் வர, பின்னால் ஒரு சூனியக்காரி, இரண்டு வௌவால், ஒரு பூசணிக்காய், கழுத்தில் பிளாஸ்டிக் கத்தி செருகிய ஒருவன், தள்ளுவண்டியோடு அம்மாக்கள். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு கலர் மூடிக் குழாய், வாயெல்லாம் ஜாம்.

"அங்காலை ரோட்டிலை நிண்டவை!" என்று கீழே இருந்தே கத்தினார் அக்கா. "மூலையிலை நிண்டு பாத்து எங்கடை தெருவிலை பேயைக் காணேல்லையெண்டு, அங்கை ஒவ்வொரு கேற்றாய்ப் பாத்து அலைஞ்சிருக்கினம்! பேய் தொங்குதெண்டு எழுதிப்போட்டு, எங்கை தம்பி பேய்?"

வாஷிங் மெஷினில். அக்காவுக்காகக் கழற்றித் திணித்தவன், குட்டு உடைந்த பிறகு எடுத்து மாட்ட மறந்தே போயிருந்தேன். ஓடிப்போய் ஈர வாசனையோடு அதை எடுத்து மாட்டினேன், எல்லாரும் உள்ளே வந்த பிறகு. கத்தி செருகியவன் எந்த வகுப்பு என்று இனியாவுக்கே தெரியவில்லை. "உவன் ஆரெண்டு எனக்கும் தெரியாது. பசியோடை நிண்டவன், கூட்டிக்கொண்டு வந்தனான்" என்றார் அக்கா.

அன்றைக்கு எங்கள் வீடு பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. கைகளை முழங்கையில் உடைத்துத் தின்றார்கள். ஊதா மூடிக்குச் சண்டை நடந்தது. அக்கா ஒவ்வொருவர் கையிலும் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பு பார்த்து, "இவனுக்கு நல்ல நரம்பு" என்று சான்றிதழ் கொடுத்தார், அம்மாக்கள் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள். அலமாரியில் இருந்த மார்ச் மாசத்துப் பைகள் எல்லாம் காலியாயின. சாம்பல் மூடியை மட்டும் யாரும் தொடவில்லை, அதை நான் தின்றேன்.

எல்லாரும் போன பிறகு அக்காவின் தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"அக்கா, அவங்க அந்தத் தெருவுல அலையறத முன்னாடியே பாத்துட்டீங்களா?"

"இல்லை."

"யாராவது போன் பண்ணாங்களா?"

"எனக்கு ஆர் போன் பண்ணுறது?"

"அப்புறம் எப்படி, வர்றாங்கன்னு அவ்வளவு உறுதியா சொன்னீங்க?"

அக்கா தட்டை வாங்கி, விளிம்பில் ஒட்டியிருந்த ஊதா ஐசிங்கை நகத்தால் சுரண்டினார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பேய்க்காட்டினனான்" என்றார். "பிள்ளைக்குச் சொல்லிப்போடாதையும்."

இனியாவுக்கு இப்போது பதினான்கு வயது. இன்னும் சொல்லவில்லை.